மணலின் சூட்டையும் கணக்கில் எழுதுவோம்

தை மாதம் தொடங்கிச் சித்திரை வரை தனுஷ்கோடிக் கரையில் பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் 100 முதல் 120 முட்டைகள் வரை இருக்கும். நாய் தோண்டிவிடும், அலை அரித்துவிடும் என்பதால் வனத்துறையினர் அவற்றை எடுத்துவந்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, 45 முதல் 55 நாட்கள் காவல் காத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். பருவம் முடிந்ததும் இத்தனை முட்டைகள், இத்தனை குஞ்சுகள் என்று செய்தி வருகிறது. இரவெல்லாம் கரையோரம் நடந்து தடம் பார்க்கும் பணியாளர்களின் உழைப்புக்கு அந்த எண்கள் சான்று; அதில் ஐயமில்லை. ஆனால், முட்டை கிடந்த மணல் எவ்வளவு சூடாக இருந்தது, குஞ்சு இறங்கிய கரை எவ்வளவு இருட்டாக இருந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கு அந்தச் செய்திகளில் பதில் இருப்பதில்லை. பிறந்த குஞ்சுகளால் நாளை ஓர் ஆமைக் கூட்டம் உருவாகுமா என்பதைத் தீர்மானிப்பவை இந்த இரண்டும்தான்.

முதலில் சூடு. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாய் தந்தையிடமிருந்து வரும் குரோமோசோமால் முடிவாவதில்லை. அடைகாலத்தின் நடுப்பகுதியில் முட்டையைச் சுற்றியுள்ள மணலின் வெப்பமே அதை முடிவு செய்கிறது. 29, 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும். ஓரிரு டிகிரி கூடினால் பெரும்பாலும் பெண், குறைந்தால் பெரும்பாலும் ஆண். 34, 35 டிகிரியைத் தாண்டி நீடித்தால் கருவே அழியும். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பவளத்திட்டுப் பகுதியில் பிறந்த இளம் பேராமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண்ணாக இருப்பதை 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நம் கரையோ நிலநடுக்கோட்டுக்கு இன்னும் அருகில், 9 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பையொட்டி உச்சிச் சூரியன் இங்கே நேர் தலைக்கு மேல் நிற்கிறது. தையில் புதைத்த முட்டைக்கும், பங்குனிக் கடைசியில் புதைத்து அக்கினி நட்சத்திரத்தில் பொரிக்கும் முட்டைக்கும் கிடைக்கும் சூடு ஒன்றாக இருக்க முடியாது.

அப்படியானால் முட்டையை இட்ட இடத்திலேயே விட்டுவிடலாமே, இயற்கை பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். நாயும் அலையும் அண்டாத இடத்தில் அதுதான் சிறந்த வழி. ஆனால் நம் கரையில் அப்படிப்பட்ட இடங்கள் குறைவு என்பதால் பொரிப்பகத்தைக் கைவிட முடியாது. இயற்கையில் நடப்பது என்ன என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஓர் ஆமை இராவணன் மீசைப் புல்லின் ஓரமாகத் தோண்டுகிறது, இன்னொன்று ஈர மணலை ஒட்டி, மற்றொன்று திறந்த மேட்டில். இடத்துக்கு இடம் சூடு மாறுவதால் மொத்தத்தில் ஆணும் பெண்ணும் கிடைக்கின்றன. எல்லாக் குழிகளையும் ஒரே திறந்த மணற்பரப்பில் நெருக்கி அமைக்கும்போது அந்தப் பலவிதம் போய்விடுகிறது. வளரும் கருக்கள் வெளியிடும் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. குழிகளுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி, பரப்பின் ஒரு பகுதிக்கு மட்டும் பனையோலைப் பந்தல், பந்தலுக்கு உள்ளேயும் வெளியேயும் முட்டை ஆழத்தில் வெப்பமானி என்று வைத்தால் இழந்ததில் பெரும்பங்கை மீட்கலாம். பனைக்குப் பஞ்சமில்லாத இராமநாதபுரத்தில் இது பெரிய செலவும் அல்ல.

பெண் கூடுவது நல்லதுதானே, முட்டை பெருகுமே என்பது அடுத்த வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஓர் ஆண் பல பெண்களுடன் இணையக்கூடியது. ஆனால் பெண்ணை மட்டுமே தரும் சூட்டுக்கும் கருவைக் கொல்லும் சூட்டுக்கும் இடையே உள்ள தூரம் சில டிகிரிதான். இன்று வெளியேறும் குஞ்சு முட்டையிட வளர்வதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகும் என்பதால், பிழை தெரியவரும்போது திருத்தும் காலம் கடந்திருக்கும். அளவு தெரியாமல் நிழலைக் கூட்டினால் ஆண் மட்டுமே பிறக்கும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே ஊகித்துப் பந்தல் போடுவதால் பயனில்லை, அளந்துதான் போட வேண்டும்.

இனி வெளிச்சம். மேல் மணல் குளிர்ந்த பிறகு, பெரும்பாலும் இரவில்தான் குஞ்சுகள் வெளிவருகின்றன. இருண்ட மேட்டை விட்டு விலகி, தாழ்வான, வெளிச்சமான அடிவானத்தை நோக்கி அவை ஓடும். விளக்கில்லாத கரையில் அது கடலின் திசை. பின்னால் ஒரு வெள்ளை எல்இடி விளக்கு எரிந்தால் குஞ்சு சாலையை நோக்கித் திரும்பி, நாய்க்கோ வண்டிச் சக்கரத்துக்கோ விடியற்காலைக் காகத்துக்கோ பலியாகிறது. முட்டையிட வரும் தாயும் வெளிச்சமான கரையைத் தவிர்க்கிறது. 1964 புயலுக்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தனுஷ்கோடி இருட்டிலேயே கிடந்தது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் வாகனமும் கடையும் கூட்டமும் வந்துவிட்டன. இருட்டைக் காப்பதற்கு இனி விதி தேவை. பொரிப்பகத்துக்குள்ளும் இதே ஒழுங்கு வேண்டும். விருந்தினர் வரட்டும் என்று குஞ்சுகளைக் கூடையில் காத்திருக்க வைத்தால், நீந்துவதற்கென்று உடலில் இருக்கும் தெம்பு அங்கேயே வீணாகிறது. மாணவர்கள் பார்க்கட்டும், ஆனால் நேரத்தைக் குஞ்சுகள் முடிவு செய்யட்டும், கைபேசி விளக்கு எதுவும் எரியாமல் இருக்கட்டும்.

விடியும் முன் வள்ளம் தள்ளும் மீனவருக்கு வெளிச்சம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அவருக்குத் தேவையான ஒளி அவர் காலடியிலும் படகிலும் விழ வேண்டும். கடல் பக்கம் சிதறும் ஒளியால் அவருக்குப் பயன் ஏதுமில்லை. தாழ்ந்த கம்பம், கீழ்நோக்கிய மூடி, கடல் பக்கத்துக்கு மறைப்பு, நீலம் கலவாத செம்மஞ்சள் விளக்கு ஆகியவற்றைப் பருவகால ஐந்து மாதங்களுக்கு மட்டும் கட்டாயமாக்கினால் போதும். அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரை ஊர்களில் இத்தகைய விதிகள் பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளன. அங்கே சுற்றுலாவும் நடக்கிறது, ஆமையும் முட்டையிடுகிறது.

தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பு 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கான மேலாண்மைத் திட்டத்தில் கரை விளக்கு விதிகளையும் பொரிப்பக வெப்பப் பதிவையும் சேர்ப்பதற்கு இதுவே தக்க தருணம். அடுத்த பருவ அறிக்கையில் முட்டை, குஞ்சு எண்ணிக்கையோடு ஒவ்வொரு குழியின் வெப்பமும் இடம்பெற வேண்டும். தாய் ஆமை தேர்ந்த இடத்திலிருந்து முட்டையை எடுத்து வந்தவர்கள் நாம். அந்த இடம் தந்திருக்கக்கூடிய சூட்டுக்கும் இருளுக்கும் அப்போதே நாம் பொறுப்பேற்றுக்கொண்டோம்.