ஓசைக்கான போட்டியும் கைவண்ணத்துக்கான போட்டியும்

வாணவேடிக்கையைக் கண்டு மகிழாத சமூகம் உலகில் அரிது. ஆனால், அந்த வாணங்களைத் தமது கைகளாலேயே செய்து வானில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பதற்காக, எந்த வருமானத்தையும் எதிர்பாராமல் ஓய்வு நேரத்தைச் செலவிடுகின்றவர்களின் சங்கங்கள் சில நாடுகளில் பல தசாப்தங்களாக இயங்கிவருகின்றன என்பது எம்மவர்களில் பலர் அறியாத செய்தி. வெடிமருந்தைப் பொழுதுபோக்காகக் கையாளுகின்ற சங்கம் என்றதும், அதை அரசாங்கம் ஏன் இன்னமும் தடைசெய்யவில்லை என்ற கேள்வியே முதலில் எழும். மூன்று தசாப்த காலம் வெடியோசையை மரணத்தின் அறிவிப்பாகவே கேட்டுப் பழகிய எமது மக்கள் மத்தியில் அந்தக் கேள்வி எழுவதில் வியப்பில்லை. ஆனால், அந்தச் சங்கங்களின் செயற்பாடுகளையும் அவை நடத்துகின்ற நட்புறவுப் போட்டிகளையும் சற்று உற்றுநோக்கினால், தடையைக் காட்டிலும் பயனுள்ள பாடம் ஒன்று அங்கே கிடைக்கிறது.

இத்தகைய சங்கங்களில் மிகவும் அறியப்பட்டது ஐக்கிய அமெரிக்காவின் பைரோடெக்னிக்ஸ் கில்ட் இன்டர்நஷனல். மக்ஸ் வண்டர் ஹோர்க் என்பவர் நடத்திய சிறு சஞ்சிகை ஒன்றைச் சுற்றித் திரண்ட ஆர்வலர்களின் கூட்டாக 1969ஆம் ஆண்டில் அது உருவானது. வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ, விஸ்கொன்சினின் அப்பிள்டன், அயோவாவின் மேசன் சிற்றி, வயோமிங்கின் ஜிலெட் என்று திறந்த வெளிகளைக் கொண்ட நகரங்களை மாறி மாறித் தெரிவுசெய்து, ஓகஸ்ட் மாதத்தில் ஒரு வார காலத்துக்கு அதன் வருடாந்த மாநாடு நடைபெறுவது வழமை. வாணத் தொழிலைப் பிழைப்பாகக் கொண்டவர்களும் அங்கே வருகிறார்கள். ஆனால், வேறு தொழில் செய்து உழைத்த பணத்தை இந்த ஆர்வத்துக்காகச் செலவிடுகின்றவர்களே அந்தச் சங்கத்தின் உயிர்நாடி.

பகல் வேளைகளில் அங்கே நடப்பது ஏறக்குறைய ஒரு பாடசாலை. குண்டுக்கு உறையிடுவது எவ்வாறு, எந்த மரத்தின் கரி எத்தகைய தீப்பொறியைத் தரும், எந்த இரசாயனங்களை ஒருபோதும் ஒன்றுசேர்க்கக் கூடாது என்றெல்லாம் அனுபவசாலிகள் வகுப்பெடுக்கிறார்கள். பொதுமக்கள் முன்னிலையில் வாணவேடிக்கையை நடத்துகின்றவர்களுக்கான சான்றிதழ்ப் பயிற்சியும் உண்டு. இருள் சூழ்ந்த பிறகு போட்டிகள் ஆரம்பமாகின்றன. மோட்டார் குழாயிலிருந்து மேலெழுந்து வானில் விரிகின்ற குண்டுகள், றொக்கெட்டுகள், பூவாணங்கள், சக்கரவாணங்கள் என்று ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிப் போட்டி. இவற்றுள் எம்மவர் பலர் கண்டிராதது ஜிரண்டோலா. ஒரு பெரிய வளையச் சட்டத்தில் வரிசையாகக் கட்டப்பட்ட உந்துவாணங்கள் ஒரே வேளையில் பற்றிக்கொள்ள, அந்த வளையம் முழுவதுமாகச் சுழன்றுகொண்டே, நெருப்பு மழையைப் பொழிந்தவாறு வானத்தில் ஏறும். ஒரேயோர் உந்துவாணம் பிந்தினாலும் வளையம் சரிந்துவிடும். சில வினாடிகளில் முடிந்துபோகும் அந்தக் காட்சிக்குப் பின்னால் பல வாரங்களின் பொறுமை இருக்கிறது.

இந்தப் போட்டிகளில் எது வெற்றியைத் தீர்மானிக்கிறது என்பதே இக்கட்டுரையின் மையமான விடயம். மிகப் பெரிய ஓசையை எழுப்பியவர் அங்கே வெல்வதில்லை. குண்டு தனது பயணத்தின் உச்சியை அடையும் தருணத்தில் விரிந்ததா? முந்தியும் பிந்தியும் விரிந்தால் அது குறை. விரிந்த மலர் எல்லாத் திசைகளிலும் ஒரே சீராக இருந்ததா? அதனுள் அடுக்கப்பட்ட, நட்சத்திரங்கள் என்று அவர்கள் அழைக்கும் இரசாயன உருண்டைகள் அனைத்தும் ஒரே வேளையில் பற்றி ஒரே வேளையில் அணைந்தனவா? நிறம் தெளிவாக இருந்ததா? ஸ்ட்ரொன்சியத்திலிருந்து சிவப்பும் பேரியத்திலிருந்து பச்சையும் சோடியத்திலிருந்து மஞ்சளும் பெறுவது ஒப்பீட்டளவில் எளிது. செம்பிலிருந்து பெறும் நீலமே அவர்களுக்குப் பெரும் சோதனை. நெருப்பின் வெப்பம் சற்றுக் கூடினாலும் நீலத்தைத் தருகின்ற செம்பு-குளோரின் சேர்மம் சிதைந்து நிறம் வெளிறிவிடும். எனவே, நல்ல நீலம் ஒன்று வானில் மலரும்போது, சாதாரண பார்வையாளர் அதைக் கவனிக்காமல் விடக்கூடும். ஆனால், சக கலைஞர்கள் ஆரவாரம் செய்வார்கள். மதிப்பிடுகின்றவர்களும் இந்தக் கலையை அறிந்தவர்களே. உள்ளதை உள்ளவாறு அறிந்தவரின் பாராட்டுக்கு நிகரான பரிசு வேறில்லை.

பாதுகாப்பு அங்கே வெறும் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடுகின்ற விடயம் அல்ல. அமெரிக்காவில் பொது வாணவேடிக்கைகளுக்கென்று தேசிய தீப்பாதுகாப்புச் சங்கம் வகுத்த 1123 இலக்க விதிக்கோவை, குண்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 70 அடி தூரத்துக்கு அப்பால் பார்வையாளர்கள் இருக்க வேண்டும் என்று கூறுகிறது. 3 அங்குலக் குண்டுக்கு 210 அடி. 6 அங்குலக் குண்டுக்கு 420 அடி. 12 அங்குலக் குண்டுக்கு 840 அடி. பெரிதாகச் செய்ய விரும்புகின்றவர் மக்களை அந்த அளவுக்கு விலக்கி நிறுத்தத்தக்க வெளியையும் தேடியாக வேண்டும். செயற்கை இழை ஆடைகளில் உருவாகும் நிலைமின் பொறியைத் தவிர்க்கப் பருத்தி ஆடை அணிவது, ஒரு வேளையில் சிறிதளவு கலவையை மாத்திரமே கையில் வைத்திருப்பது போன்றவை அவர்களுக்குப் பழக்கமாகிவிட்ட ஒழுக்கங்கள். குளோரேற்றையும் கந்தகத்தையும் கலந்து வாணம் செய்வதைப் பிரிட்டன் 1894ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. அத்தடைக்குப் பின்னால் எத்தனை கைகளும் உயிர்களும் இருந்தன என்பதைப் புதிதாகச் சேருகின்றவருக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே ஒரு மூத்தவர் இருக்கிறார். அவ்வாறு சொல்வதற்கு எவரும் இல்லாத தனியறையில்தான் ஆபத்து கூடுதலாகக் காத்திருக்கிறது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். வாணக்கலை உலகெங்கும் குடும்பங்களின் இரகசியமாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. தந்தையிடமிருந்து மகன் கற்றுக்கொள்வான்; அயலவருக்கு அது மூடிய கதவு. சங்கங்களும் நூல்களும் அந்தக் கதவைத் திறந்தன. ஜப்பானிய அறிஞர் தக்கியோ ஷிமிசு தமது ஆய்வு அனுபவங்களை 1981இல் ஆங்கில நூலாக வெளியிட்டபோது, மேற்குலகின் ஆர்வலர்கள் அதைப் பாடநூலாகவே கொண்டாடினர். போட்டியில் முதலிடம் பெற்றவர் தனது செய்முறையைத் தோற்றவர்களுக்கு விளக்கிக் காட்டுவது இந்தச் சங்கங்களில் புதுமையல்ல. நட்புறவுப் போட்டி என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் இருக்க முடியாது.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் அதே நாட்டில் உண்டு. 1983 மே 27ஆம் திகதி டென்னசி மாநிலத்தின் பென்டன் என்ற இடத்தில், மீன் தூண்டிலுக்கான புழு வளர்க்கும் பண்ணை ஒன்றில் இரகசியமாக இயங்கிய வெடித் தயாரிப்பு நிலையம் வெடித்துச் சிதறியதில் 11 பேர் கொல்லப்பட்டனர். அங்கே தயாரிக்கப்பட்டவை அழகிய வாணங்கள் அல்ல. பெரும் ஓசைக்காகவே வாங்கப்படுகின்ற, 1966ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்த வகையைச் சேர்ந்த வெடிகள். ஒளிந்து செய்த தொழிலுக்கு மேற்பார்வையும் இல்லை, அறிவுரை கூற ஒருவரும் இல்லை.

2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின்னர், 2002இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் ஒன்றின் மூலம் வெடிபொருட்களைப் பெறுவதற்கான அனுமதி நடைமுறைகளை அமெரிக்கா மேலும் இறுக்கியது. அரசொன்றின் அச்சம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆனால், பெயரைப் பதிவுசெய்து, அனுமதிப்பத்திரம் பெற்று, பலர் பார்க்கப் பணிசெய்கின்ற ஆர்வலர் சட்டத்தின் சுமையை முழுமையாகச் சுமக்கிறார். ஒளிந்திருப்பவரோ எந்தப் படிவத்தையும் நிரப்புவதில்லை. சட்டம் வகுப்பவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

இப்படிக் கூறும்போது, ஆர்வலர் சங்கங்கள் எல்லாம் விபத்தற்றவை என்று எவரும் கருதிவிடக் கூடாது. மத்தியதரைக் கடலின் சிறிய தீவு நாடான மால்டாவில் வாணவேடிக்கை ஒரு தேசிய வேட்கை. ஒவ்வொரு கிராமமும் தனது காவல் புனிதரின் திருநாளுக்காக ஆண்டு முழுவதும் வாணம் செய்கிறது. வேலை முடிந்து வருகின்ற தொண்டர்கள் கூலி எதுவும் பெறாமல் அதில் ஈடுபடுகிறார்கள். அவர்களின் திறமை வியக்கத்தக்கது. இம்கப்பா என்ற சிறு கிராமத்தின் லில்லி வாணக் கழகம் 2011 ஜூன் மாதத்தில் 32 மீற்றருக்கும் கூடுதலான விட்டமுடைய சக்கரவாணத்தைச் சுழற்றிக் கின்னஸ் சாதனை படைத்தது. அதே கிராமத்தில் அதற்குப் போட்டியாகப் புனித மரியாள் கழகம் இருக்கிறது. ஆனால், அந்த நாட்டின் வாணக் கூடங்களில் உயிர்ச்சேதங்கள் மீண்டும் மீண்டும் நேர்ந்துள்ளன. 2010 செப்டெம்பர் 5ஆம் திகதி கோசோ தீவின் காப் என்ற ஊரில் நேர்ந்த வெடிவிபத்தில் 6 பேர் பலியாகினர். அதன் பின்னர் பேராசிரியர் அல்பிரட் வெல்லாவின் தலைமையில் விசாரணைக்குழு ஒன்றை அரசாங்கம் நியமிக்க வேண்டியதாயிற்று. ஆர்வமும் திறமையும் தியாகமும் இருந்தும் ஏன் இந்த நிலை? போட்டி ஒரு மனிதரின் கைவண்ணத்தைக் கடந்து ஓர் ஊரின் மானப் பிரச்சினையாக மாறும்போது, அளவும் அவசரமும் கூடிவிடுகின்றன என்பதே எனது அபிப்பிராயம். திருநாள் திகதியைத் தள்ளிப்போட முடியாது. மறுதரப்பை விடக் குறைவாகவும் காட்ட முடியாது.

இதன் மிகக் கொடூரமான வடிவத்தை 2016 ஏப்ரல் 10ஆம் திகதி கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் உலகம் கண்டது. பரவூர் புற்றிங்கல் தேவி ஆலயத்தில் இரு தரப்பினர் ஒருவரையொருவர் விஞ்சுவதற்காக நடத்திய வாணவேடிக்கையின்போது, வெடிகள் வைக்கப்பட்டிருந்த கட்டடத்தில் தீ பரவியதில் நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டனர். அந்தப் போட்டிக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. அங்கே மத்தியஸ்தர் இருக்கவில்லை. கூட்டத்தின் ஆரவாரமே மதிப்பெண். ஓசைக்கு ஓசை, தொகைக்குத் தொகை. எவ்வளவு தூரத்துக்கு அப்பால் மக்கள் நிற்க வேண்டும் என்பதைப் பற்றிக் கவலைப்பட எவரும் இருக்கவில்லை.

எனவே, போட்டி நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. எதை அளந்து பரிசு வழங்குகிறோம் என்பதே கேள்வி. சீரையும் நிறத்தையும் துல்லியத்தையும் அளந்தால், மனிதன் சிறிய குண்டில் பெரிய நுட்பத்தைத் தேடுகிறான்; கவனம் கூடுகிறது. ஓசையையும் எண்ணிக்கையையும் செலவையும் அளந்தால், மருந்தின் அளவு கூடுகிறது, கவனம் குறைகிறது.

எமது மண்ணுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். யாழ்ப்பாணத்து ஆலயங்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவின் உபயகாரரும் மற்றைய நாளின் உபயகாரரை விஞ்ச வேண்டும் என்று மேளக் கூட்டங்களிலும் சோடனையிலும் வாணவேடிக்கையிலும் போட்டியிட்ட கதைகளை மூத்த தலைமுறையினர் நன்கு அறிவர். போர் முடிவுக்கு வந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளுக்கு வெடி என்பது விழாவின் ஓசை. ஆனால், ஷெல் வீச்சில் உறவுகளைப் பறிகொடுத்து, பதுங்குகுழிகளில் இரவுகளைக் கழித்தவர்கள் அதே வீதிகளில்தான் இன்னமும் வாழ்கிறார்கள். திடீரென எழும் பேரோசை அவர்களை எங்கே கொண்டுசென்றுவிடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவர்களின் காதருகே ஓசைப் போட்டி நடத்துவது பக்தியும் அல்ல, பண்பாடும் அல்ல. ஒளிக்கும் நிறத்துக்கும் முதன்மை கொடுக்கின்ற வாணவேடிக்கையை, அனுமதிப்பத்திரமுள்ள பயிற்சிபெற்றவர்களைக் கொண்டு, போதிய இடைவெளியுடன் நடத்துவதை ஆலய பரிபாலன சபைகள் ஒரு நியதியாகக் கொள்ள முடியாதா?

எமது இளைஞர்களிடம் கைவண்ணத்துக்கு ஒன்றும் பஞ்சமில்லை. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறையின் உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைக் கண்டவர்கள் அதை அறிவார்கள். மாதக்கணக்கில் மூங்கிலோடும் தாளோடும் உழைத்துக் கொண்டுவரப்படும் விசித்திரப் பட்டங்கள் வானில் ஏறும்போது, தோற்றவரும் வென்றவரின் பட்டத்தை அண்ணாந்து பார்த்து மெச்சுகிறார். அமெரிக்க வாணச் சங்கத்தினரின் மைதானத்தில் இருப்பதும் இதே மனநிலைதான். வெடிமருந்தைக் கையில் எடுங்கள் என்று எமது இளைஞர்களுக்கு நான் கூறவரவில்லை. அதற்கான சட்ட ஏற்பாடுகளோ பயிற்சி வசதிகளோ இங்கே அந்த அளவில் இல்லை. கூறவிரும்புவது அந்த மனநிலையைப் பற்றியே.

கடைசியாக, வாணத்தை ஆர்வத்துக்காகச் செய்கின்றவர்களைப் பற்றிப் பேசும்போது, வயிற்றுக்காகச் செய்கின்றவர்களை மறந்துவிடக் கூடாது. நீர்கொழும்புக்கு அண்மையில் உள்ள கிம்புலாப்பிட்டியவிலும் தமிழ்நாட்டின் சிவகாசியிலும் எமது விழாக்களுக்கான வெடிகளைச் செய்கின்ற ஏழைத் தொழிலாளர்கள் எந்தப் போட்டியிலும் பங்கேற்பவர்கள் அல்லர். 2012 செப்டெம்பர் 5ஆம் திகதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த ஒரே விபத்தில் மாண்டவர்களின் தொகை மாத்திரம் ஏறத்தாழ 40. கையில் எடுக்கும் கலவையின் குணத்தை அமெரிக்க ஆர்வலர் வகுப்பறையில் அமர்ந்து கற்றுக்கொள்கிறார். நாள் கூலிக்கு அதே கலவையை நிரப்புகின்ற தொழிலாளிக்கு அந்த அறிவைக் கொடுப்பதற்கு எந்த முதலாளியும் அவசரப்படுவதில்லை. பொழுதுபோக்குக்காகத் தீயோடு விளையாடுகின்றவருக்குக் கிடைக்கின்ற பாதுகாப்பு, பிழைப்புக்காகத் தீயோடு வாழ்கின்றவருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கையே. அதை விழா எடுக்கின்றவர்களும் வெடி வாங்குகின்றவர்களும் கேட்கத் தொடங்கினால்தான் ஆட்சியாளர்களின் காதுகளில் அது விழும்.