ரெக்கோ டிக்: தோண்டப்படாத சுரங்கமும் 600 கோடி டாலர் தண்டமும்

பலுசிஸ்தானின் சாகாய் மாவட்டத்தில், ஈரான், ஆப்கானிஸ்தான் எல்லைகளுக்கு அருகே, மழை அரிதான மலைப்பாலையில் அமைந்துள்ளது ரெக்கோ டிக். பலூச்சி மொழியில் மணற்குன்று என்று பொருள். உலகின் மாபெரும் செம்பு, தங்கப் படிவுகளில் ஒன்று அங்கே இன்றும் பூமிக்குள்தான் கிடக்கிறது. அது ஏன் அங்கு உருவானது என்பதற்கு நிலவியல் விடை தருகிறது. அதன் பேரால் ஒரு நாடு ஏன் தண்டிக்கப்பட்டது என்பதற்கோ அரசியல் பொருளாதாரத்திடம்தான் விடை கேட்க வேண்டும்.

பழைய டெத்திஸ் கடல் மூடுண்ட தடத்தில், பால்கன் நாடுகள் முதல் துருக்கி, ஈரான் வழியாக நீளும் செம்பு வளையத்தில் சாகாய் மலைகளும் அடங்கும். தெற்கே மக்ரான் கரையோரம் அரேபியத் தட்டு யூரேசியத் தட்டின் அடியில் புதைந்து செல்கிறது. அதனால் எழுந்த பாறைக்குழம்பு எரிமலைகளுக்கு அடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் உறைந்தது. அதிலிருந்து பிரிந்த சூடான உப்புநீர் சுற்றுப்பாறைகளை நொறுக்கி, ஆயிரமாயிரம் மெல்லிய வெடிப்புகளில் செம்பையும் தங்கத்தையும் படியவிட்டது. மேற்குப் பகுதியின் முக்கியப் படிவுகள் ஏறத்தாழ 1.2 கோடி ஆண்டுகள் பழமையானவை. இவ்வகையை நிலவியலாளர் போர்ஃபிரி படிவு என்பர்.

இதன் இயல்பைக் கவனிக்க வேண்டும். 590 கோடி டன் தாதுப்பாறை. அதில் சராசரிச் செம்பு 0.41 விழுக்காடு, டன்னுக்குத் தங்கம் 0.22 கிராம். ஒரு டன் பாறையை உடைத்து மாவாக்கினால் கிடைப்பது நான்கு கிலோ செம்பு. எஞ்சியது கழிவாக அங்கேயே குவியும். வறண்ட நிலத்தின் நிலத்தடி நீரை உறிஞ்சித்தான் ஆலை இயங்க முடியும். சிறு கருவிகளோடு கூடிய உள்ளூர்த் தொழிலாளர்கள் தோண்டத்தக்க வளமன்று இது. பெருமூலதனம் கோரும் வளம். ஏகபோக நிறுவனங்களுக்குப் பேரம்பேசும் வலிமையைத் தருவதும் இந்த இயல்புதான்.

1993இல் பலுசிஸ்தான் வளர்ச்சி ஆணையம் பிஎச்பி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. நிறுவனத்துக்கு 75, மாகாணத்துக்கு 25 விழுக்காடு. 2006இல் அந்த உரிமை கனடாவின் பாரிக், சிலியின் அன்டோஃபகாஸ்டா ஆகியவற்றின் கூட்டு நிறுவனமான டெத்தியான் காப்பர் கம்பெனியின் வழியே அவ்விரண்டின் கைக்கு வந்தது. 2011இல் மாகாண அரசு சுரங்கக் குத்தகையை மறுத்தது. 2013 ஜனவரியில் பாகிஸ்தான் உச்சநீதிமன்றம், 1993 ஒப்பந்தம் நாட்டின் சட்டங்களுக்கு முரணானது என்று கூறிச் செல்லாததாக்கியது.

டெத்தியான் ஆஸ்திரேலியாவில் பதிவான நிறுவனம். எனவே கனடிய, சிலி மூலதனம் ஆஸ்திரேலிய–பாகிஸ்தான் முதலீட்டு ஒப்பந்தத்தைக் கையிலெடுத்து, உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுத் தகராறு நடுவத்தை அணுகியது. நிறுவனம் செலவிட்டிருந்தது சுமார் 22 கோடி டாலர். 2019 ஜூலை 12இல் நடுவர் மன்றம் விதித்தது, வட்டியோடு, ஏறத்தாழ 600 கோடி டாலர்! கட்டப்படாத சுரங்கம் பல்லாண்டுகள் ஈட்டியிருக்கக்கூடிய இலாபத்தைக் கணக்கிட்டு இன்றைய மதிப்பாக்கியதே இத்தொகை. பாறையிலிருந்து ஒரு கிலோ செம்புகூட வெளிவரவில்லை. இலாபம் மட்டும் சட்டப்படி பிறந்துவிட்டது. அதே மாதம் 3ஆம் தேதி பாகிஸ்தானுக்குச் சர்வதேச நிதியம் ஒப்புதல் அளித்த கடனும் 600 கோடி டாலர்தான்.

அந்தத் தண்டத்தின் நிழலில்தான் 2022 உடன்பாடு எழுதப்பட்டது. அன்டோஃபகாஸ்டா 90 கோடி டாலரோடு விலகியது. பாரிக்கிற்கு 50 விழுக்காடு, பாகிஸ்தான் ஒன்றிய அரசின் மூன்று நிறுவனங்களுக்கு 25, மாகாணத்துக்கு மீண்டும் அதே 25. மாகாணம் முதலீடு செய்ய வேண்டியதில்லை என்பது முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. ஆனால் பலூச் மக்களின் ஐயம் காரணமற்றதன்று. 1952இல் சூயியில் கண்டெடுக்கப்பட்ட எரிவாயு நாடெங்கும் சென்றது. மாகாணத் தலைநகர் குவெட்டாவுக்கு அது வந்துசேர்ந்தது 1980களில். ரெக்கோ டிக்குக்கு அருகிலுள்ள சைந்தக் செம்புச் சுரங்கம் 2002 முதல் சீன அரசு நிறுவனத்தின் குத்தகையில் உள்ளது. அதிலும் மாகாணம் பெற்றது அற்பமே. மூலதனத்தின் கொடி எதுவாயினும் இஸ்லாமாபாத்தின் ஆளும் வர்க்கம் மாகாணத்தை நடத்தும் முறை மாறவில்லை. வளத்தைக் காக்கிறோம் என்று அந்த வர்க்கம் பேசுவதை, அதே மாவட்டத்தின் மலைக்குள் 1998 மே மாதம் அணுகுண்டு வெடித்ததோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

நமது தோழர்கள் இதை அண்டை நாட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. முதலீட்டு ஒப்பந்தங்களின் வழியே வோடஃபோனும் கெய்ர்னும் இந்தியாவுக்கு எதிராக வெற்றி பெற்றன. 2020 டிசம்பரில் கெய்ர்னுக்கு வழங்கப்பட்டது 120 கோடி டாலர். 2023இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம், செம்பு உள்ளிட்ட 29 கனிமங்களுக்கான ஆய்வு உரிமத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. அந்நிய முதலீட்டாளர் நடுவர் மன்றம் செல்லுமுன் ஐந்தாண்டுகள் நமது நீதிமன்றங்களை அணுக வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் மாதிரி ஒப்பந்த விதி. 2024இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் அது மூன்றாண்டுகளாகக் குறைக்கப்பட்டுள்ளது. இனி வரும் ஒவ்வொரு வர்த்தகப் பேச்சுவார்த்தையிலும் இந்த விதிக்கு என்ன நேர்கிறது என்று நாடாளுமன்றத்திலும் தொழிற்சங்க மேடைகளிலும் கேட்டாக வேண்டும்.