டப்பாவில் பாப்பா எங்கே?

"பால் பவுடர் டப்பாவில் குழந்தை படமே இல்லையே, அத்தை?" என்றாள் என் மருமகள். நல்ல கேள்வி!

1970-களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும், நர்ஸ் மாதிரி உடுத்திய விற்பனைப் பெண்களை அனுப்பி, பிரசவமான தாய்மாருக்குப் பவுடரை இலவசமாகக் கொடுத்தன. புட்டி பழகினால் தாய்ப்பால் குறைந்துவிடும். அப்புறம் காசு கொடுத்துத்தானே வாங்கணும்? ஏழைத் தாய் நீர்க்கக் கரைப்பாள், தண்ணீரும் சுத்தமில்லை. பேதியில் போன பிஞ்சுகள் எத்தனையோ!

1977-ல் அமெரிக்காவிலேயே நெஸ்லே சாமான்களைப் பகிஷ்கரித்தார்கள். 1981-ல் உலக சுகாதார சபையில் விற்பனைக் கட்டுப்பாட்டுக்கு 118 நாடுகள் ஆதரவு. எதிர்த்தது அமெரிக்க அரசு மட்டும். வியாபாரச் சுதந்திரமாம்! நம் நாட்டில் 1992-ல் சட்டமே வந்தது: விளம்பரம், இலவச சாம்பிள், பாப்பா படம் எதுவும் கூடாது.

ஆஸ்பத்திரியில் யாராவது ஓசி டப்பா நீட்டினால், "வேண்டாங்க" என்று சொல்லிவிடுங்கள். டாக்டர் அவசியமென்று எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம்.