பழைய ஆளை அனுப்பிவிடலாமா?

எங்கள் வானொலி அட்டவணையில் ‘காலை 6 மணி, செய்தி வாசிப்பாளர்’ என்றுதான் இருக்கும். யார் வந்து உட்காருவது என்பதை நிலையம் பார்த்துக்கொள்ளும். மென்பொருளிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. ‘டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்’ என்பார்கள். மார்ட்டின் ஃபவுலர் 2004-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் நிலைத்தது. ஆளை அனுப்பும் நிலையம் ‘கன்டெய்னர்’, வந்து வேலை செய்பவர் ‘சர்வீஸ்’.

இருக்கும் சர்வீஸை மாற்றும்போதுதான் வினையே. முறுக்கு விற்கும் இணையக் கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதை மின்னஞ்சலில் அனுப்பும் சர்வீஸ், கணக்குக்காக ஒரு நகலையும் சேமித்து வைக்கிறது. இப்போது வாட்ஸ்அப்பிலும் ரசீது போக வேண்டும். அந்த சர்வீஸ் வேறொருவர் எழுதிய தொகுப்பில் இருக்கிறது. அதிலேயே கைவைத்தால் அடுத்த அப்டேட்டில் நம் திருத்தம் காணாமல் போகும். அதனால் புரோகிராமர் அதே பெயரில் தன் சர்வீஸைப் பதிவு செய்கிறார். இதுதான் ‘ஓவர்ரைடு’. வாட்ஸ்அப் போகிறது, முதலாளிக்கு மகிழ்ச்சி. நகல் சேமிப்பு நின்றுபோனது வருமான வரிக் கணக்கு போடும்போதுதான் தெரியவரும்.

லாரவெலில் ஒரே பெயரை இரண்டு முறை ‘பைன்ட்’ செய்தால், கடைசியாக வந்தவர் சத்தமில்லாமல் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். ‘எக்ஸ்டெண்ட்’ என்று எழுதினால் கதை வேறு. கன்டெய்னர் பழைய சர்வீஸை உங்கள் கையில் கொடுக்கும். அதை உள்ளே வைத்து, மேலே வாட்ஸ்அப் வேலையைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கலாம். மின்னஞ்சலும் போகும், நகலும் இருக்கும்.

ஸ்பிரிங் பூட் 2018-இல் வந்த 2.1 பதிப்பில் கண்டிப்பானது. ஒரே பெயரில் இரண்டு ‘பீன்’ இருந்தால் செயலி தொடங்கவே மறுக்கும். ஓவர்ரைடு வேண்டுமென்றால் அதற்கான அமைப்பை நீங்களே திறந்துவிட வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கென்னவோ இந்தக் கண்டிப்பு பிடித்திருக்கிறது. ஆண்டுக் கடைசியில் திகைப்பதைவிடக் காலையிலேயே திட்டு வாங்குவது மேல்.

ஓவர்ரைடே கூடாது என்றில்லை. சோதனை ஓட்டத்தில் நிஜ வங்கி அட்டையிலிருந்து பணம் போகக்கூடாது. அங்கே பணம் செலுத்தும் சர்வீஸை முழுதாகத் தூக்கிவிட்டு ஒரு டம்மியை உட்கார வைப்பதுதான் சரி.

ஒன்றின்மேல் ஒன்றாகப் பலர் போர்த்தும்போது வரிசையையும் பார்க்க வேண்டும். சிம்ஃபோனியில் இதற்கு ‘டெக்கரேஷன்’ என்று பெயர். முன்னுரிமை எண்ணும் கொடுக்கலாம். பெரிய எண் முதலில் போர்த்தப்படும். அதாவது, 5 உள்ளே இருக்கும், 1 வெளியே இருக்கும். பலர் தலைகீழாக நினைத்துக்கொள்ளும் இடம் இது.