திரைக்குப் பின்னால் தமிழறிந்த மனிதர் வேண்டும்

கடந்த ஆண்டின் இறுதியில் எனது பழைய மாணவர் ஒருவருக்குத் துணையாக உளநல வைத்தியர் ஒருவரிடம் சென்றிருந்தேன். பல மாதக் காத்திருப்பின் பின்னர் கிடைத்த சந்திப்பு அது. மொழிபெயர்ப்புக்கென வந்திருந்த பெரியவர் நல்ல மனிதர். வைத்தியர் வருமுன்னரே, "தம்பி எந்த ஊர்? ஆற்றை பிள்ளை?" என்று வாஞ்சையோடு விசாரித்தார். அந்த விசாரிப்போடு மாணவரின் வாய் அடைத்துப் போயிற்று. முக்கால் மணி நேரத்தில் அவர் வைத்தியரிடம் சொன்னது ஒன்றே: "நித்திரை வருவதில்லை." வீதிக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: "சேர், அவர் என்ரை மாமியின்ரை ஊர். நான் உள்ளுக்கை சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கோயிலிலை கதைப்பினம்."

மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்பதை நான் எடுத்துச் சொன்னேன். ஆயின் அச்சம் சட்டத்தைக் கேட்டு அடங்குவதில்லை. ஜேர்மனியிலோ வாசற்படியே உயர்ந்துகொண்டு போகிறது. தஞ்சம் கோருவோர் கடும் நோய்க்கும் வலிக்குமான மருத்துவத்தை மட்டுமே உரிமையாகப் பெறும் காலம், 2024 பெப்ரவரியில் 18 மாதங்களிலிருந்து 36 மாதங்களாக நீட்டப்பட்டது. போரின் மனவடுவைச் சுமந்து வந்த ஒருவருக்கு மூன்று ஆண்டுகள் என்பது சிறிய காலமன்று.

இந்நிலையில்தான் இணையவழிச் சிகிச்சை பற்றிய ஆய்வுகள் எமது கவனத்தைக் கோருகின்றன. நெதர்லாந்தில் அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் அல்பிரட் லங்கேயும் அவரது குழுவினரும் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலேயே இதற்கு வழி திறந்தனர். நோயாளர் தமது அனுபவத்தை எழுதி இணையத்தினூடாக அனுப்புவார். சிகிச்சையாளர் வாசித்து எழுத்திலேயே பதிலளிப்பார். ஒருவர் முகத்தை மற்றவர் காண்பதில்லை.

இம்முறையைப் போரில் பாதிக்கப்பட்ட அரபு மக்களுக்கென அரபு மொழியில் அமைத்தவர்கள், 1992 இல் பேர்லினில் நிறுவப்பட்ட சித்திரவதைக்குள்ளானோர் சிகிச்சை நிலையத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள். ஐந்து வாரங்கள், வாரத்துக்கு இரண்டாகப் பத்து எழுத்துப் பயிற்சிகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். முதலில் நடந்ததை எழுதவேண்டும். அடுத்து, அதே துன்பத்துக்கு ஆளான ஒரு நண்பரைக் கற்பனை செய்து அவருக்கு ஆறுதற் கடிதம் எழுதவேண்டும். தன்னைக் குற்றவாளியாக எண்ணி வதைபடும் ஒருவர், நண்பருக்கு எழுதும்போது, "இது உன் பிழையன்று" என்று எழுத நேர்கிறது. இறுதியில் விடைபெறும் கடிதம் ஒன்று.

இதன் பெறுபேறு 2015 இல் வெளியாகியது. பங்குபற்றிய 159 பேரில் 79 பேருக்கு உடன் சிகிச்சை வழங்கப்பட்டது; ஏனையோர் காத்திருந்தனர். சிகிச்சை பெற்றோருள் முடிவுவரை தொடர்ந்த 47 பேரில் 29 பேர் மனவடு நோயிலிருந்து மீண்டனர். காத்திருந்தோரில் இறுதி மதிப்பீட்டுக்கு வந்த 63 பேரில் மீண்டவர் ஒருவரே. இடைநடுவில் விலகியவர்கள் பலர் என்பதையும் மறைத்தலாகாது. தற்கொலை அபாயத்தில் உள்ளோர் இதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மனங்கொள்ளவேண்டும். அத்தகையோருக்கு நேரடி வைத்தியமே தேவை.

அப்படியாயின் கைத்தொலைபேசியில் ஒரு செயலியை இறக்கிவிட்டால் போதுமா? போதாது என்பதையும் ஆய்வுகளே கூறுகின்றன. பிரித்தானியாவில் மனச்சோர்வுற்ற 691 பேரிடையே இரண்டு கணினி நிகழ்ச்சித்திட்டங்கள் பரீட்சிக்கப்பட்டன. குடும்ப வைத்தியரின் வழமையான கவனிப்போடு ஒப்பிடுகையில் அவை மேலதிகப் பயன் தரவில்லை என 2015 இல் அறியவந்தது. பெரும்பாலானோர் அவற்றை முடிக்கவுமில்லை. ஜேர்மனியில் வாழும் சிரிய அகதிகளுக்கென உருவான சுயஉதவிச் செயலியொன்று, மனவடு அறிகுறிகளைக் குறைப்பதில் சாதாரண வாசிப்புக் குறிப்புகளைவிட மேலானதாக இருக்கவில்லை என்று 2021 இல் வெளியான ஆய்வு கூறிற்று. மாறாக, லெபனானில் உலக சுகாதார நிறுவனத்தின் திட்டமொன்று 569 சிரியர்களிடையே பரீட்சிக்கப்பட்டது. அங்கும் விலகியோர் பலர்; எனினும் மனச்சோர்வு குறைந்தது என 2022 இல் அறிவிக்கப்பட்டது. அதில் திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். அவர் உளவியல் நிபுணருமல்லர். பயிற்சி பெற்ற உதவியாளர். வாரத்துக்குக் கால் மணி நேரமளவில் துணைநின்றார்.

இவற்றை ஒருங்கே நோக்கும்போது எனக்குப் புலப்படுவது இதுதான்: கருவி கடிதத்தைச் சுமக்கலாம், பதிலை ஒரு மனிதரே எழுதவேண்டும். ஆகவே யாரேனும் ஒரு செயலியைத் தமிழில் மொழிபெயர்த்துத் தந்து கடமை முடிந்ததென்றால் நாம் திருப்தியடைதல் கூடாது. எமது இரண்டாந் தலைமுறையில் உளவியல் கற்றோர் உள்ளனர், தாதியர் உள்ளனர், தாயகத்தில் ஆசிரியராயிருந்தோர் உள்ளனர். தகுந்த நிபுணரின் மேற்பார்வையில் இவர்களைப் பயிற்றலாம். ரொறன்ரோவில் இருப்பவர் ஜேர்மனியின் கிராமத்து முகாமில் இருப்பவருக்குப் பதில் எழுதலாம். எழுதப்பட்டது தஞ்ச வழக்கைத் தீர்க்கும் அதிகாரியின் மேசைக்கும் போகாது, கோயில் வீதிக்கும் போகாது என்ற உறுதி எழுத்தில் வழங்கப்படவேண்டும். அந்த உறுதியின்றி எம்மவர் எவரும் மனந்திறக்கப் போவதில்லை.

அரசுகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அவுஸ்திரேலியாவில் 196 தமிழர்களிடையே நடத்தப்பெற்று 1999 இல் வெளியான ஆய்வு, தாயகத்தில் பட்ட துன்பத்தோடு, வந்த நாட்டில் அனுபவிக்கும் நெருக்கடிகளும் மனவடுவை ஆழப்படுத்துவதைக் காட்டியது. முடிவின்றி நீளும் தஞ்ச விசாரணையை எந்தத் திரையும் குணப்படுத்தாது. இணையவழிச் சிகிச்சையை வதிவிட உரிமைக்கும் நேரடி மருத்துவத்துக்கும் மாற்றீடாக முன்வைப்பார்களாயின் அதை நாம் எதிர்க்கவேண்டும்.

என் மாணவர் மீண்டும் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார். வாயால் சொல்ல முடியாததை எழுதத் தயார் என்கிறார். அதை வாசித்துப் பதில் எழுதுவதற்குத்தான் இன்னும் ஆளில்லை.