பிம்ப்ரி ஆலையும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்துறை மருந்து நிறுவனமான ஹிந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ், 1954ஆம் ஆண்டு புனேயை அடுத்த பிம்ப்ரியில் நிறுவப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் அதற்குத் துணை நின்றன. மறு ஆண்டே அங்கு பென்சிலின் உற்பத்தி தொடங்கியது. உயிர்காக்கும் மருந்துக்கு அந்நிய நிறுவனங்களின் தயவை எதிர்பார்த்திருந்த ஒரு ஏழை நாடு, அதைத் தன் தொழிலாளர்களின் கரங்களாலேயே தயாரிக்கத் துவங்கிய தருணம் அது. மருந்துத் துறையில் பொதுத்துறையே தலைமைப் பாத்திரம் வகிக்க வேண்டும் என்று ஹாத்தி குழு 1975இல் பரிந்துரைத்தது.

நடந்ததோ நேர்எதிர். தாராளமயக் கொள்கைகள் புகுந்த பின்னர், பிம்ப்ரி ஆலை 1997இல் நலிந்த நிறுவனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதன் உபரி நிலத்தை விற்கவும், நிறுவனத்தையே தனியாருக்குக் கைமாற்றவும் 2016 டிசம்பரில் மோடி அமைச்சரவை முடிவெடுத்தது. மற்றொரு பொதுத்துறை மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல்.-ஐ இழுத்து மூடுவது என்பதும் அதே முடிவின் பகுதியே.

இதற்கும், சாதாரண நோய்த்தொற்றுகள் இன்று மருந்துக்கு அடங்க மறுப்பதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தொற்றுகள் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் உயிர்களை நேரடியாகப் பறித்தன என்று ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கண்காணிப்பில் உள்ள பெரிய மருத்துவமனைகளில் சேகரிக்கப்பட்ட மாதிரிகளில், 2017இல் 81 சதவீதம் ‘இமிபெனம்’ மருந்துக்குக் கட்டுப்பட்டன. 2023இல் அது சுமார் 63 சதவீதமாகச் சரிந்தது. மற்ற மருந்துகள் கைவிடும்போது மருத்துவர்கள் கையிலெடுக்கும் ஊசி மருந்துகளில் ஒன்று இது.

பழி முழுவதும் மக்கள் மீதே போடப்படுகிறது. ‘மருந்துச் சீட்டின்றி மாத்திரை வாங்குகிறார்கள், பாதியில் நிறுத்துகிறார்கள்’ என்று ஆட்சியாளர்கள் உபதேசம் செய்கின்றனர். பிம்ப்ரி-சின்ச்வட் தொழிற்பேட்டையின் ஒப்பந்தத் தொழிலாளி காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போய்விடும். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்று கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்குப் பணமும் வேண்டும், சில நாட்கள் காத்திருக்கவும் வேண்டும். மருந்துக் கடையில் கிடைப்பதை விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி என்ன? நாட்டின் மருத்துவச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதத்தை மக்களே தங்கள் கையிலிருந்து செலவிடும் நிலையில், இது தனிமனிதக் குற்றமல்ல.

முரண்பாட்டின் வேர் வேறிடத்தில் உள்ளது. ஆண்டிபயாடிக் என்பது தேவைப்படும்போது மட்டுமே, தேவைப்படும் அளவு மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டிய மருந்து. சந்தைக்கோ, அதிகம் விற்றால்தான் லாபம். ஆகவேதான் அறிவியல் அடிப்படையற்ற கூட்டு மருந்துகள் கடைகளில் குவிந்தன. 2016இல் இத்தகைய 344 கூட்டு மருந்துகளுக்குத் தடை விதிக்கப்பட்டபோது, நிறுவனங்கள் நீதிமன்றப் படியேறி இழுத்தடித்தன. மறுபுறம், சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டிய புதிய ஆண்டிபயாடிக்கைக் கண்டுபிடிப்பதில் போதிய லாபமில்லை என்பதால், நோவார்ட்டிஸ் போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டன. பழைய மருந்தை வீணடிப்பதும் புதிய மருந்தைத் தேட மறுப்பதும் ஒரே லாபக் கணக்கின் இரு பக்கங்கள்.

அரசின் விதிகளும் இந்தக் கணக்குக்கு வளைந்து கொடுக்கின்றன. மருந்து ஆலைக் கழிவுநீரில் ஆண்டிபயாடிக் எச்சங்களுக்கு வரம்பு விதிக்கும் வரைவை ஒன்றிய அரசு 2020இல் வெளியிட்டது; மறு ஆண்டு வந்த இறுதி விதிகளில் அந்த வரம்புகள் காணாமல் போயின. முக்கிய ஆண்டிபயாடிக்குகளின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும் என்ற ‘எச்-1’ அட்டவணை விதி 2014 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அருகில் அரசு மருத்துவரும் பரிசோதனைக் கூடமும் இல்லாத இடத்தில், அந்த விதி காகிதமாகவே இருக்கும்.

மாற்று வழி கற்பனையல்ல. கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு 2018இலேயே இதற்கென மாநிலச் செயல்திட்டத்தை அறிவித்தது. 2024இல், சீட்டின்றி ஆண்டிபயாடிக் விற்கும் கடைகள் மீதான சோதனைகளையும் தீவிரப்படுத்தியது. பொது சுகாதாரக் கட்டமைப்பு வலுவாக உள்ள மாநிலம் என்பதாலேயே இந்தக் கட்டுப்பாடு மக்களைத் தண்டிப்பதாக மாறவில்லை.

பிம்ப்ரி ஆலையைப் பொதுத்துறையிலேயே புனரமைக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் கல்ச்சர் பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆலைக் கழிவுகளுக்குக் கறாரான வரம்பு வேண்டும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தைச் சுகாதாரத்திற்கு ஒதுக்குவதாக 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை அளித்த வாக்குறுதி நிறைவேற்றப்பட வேண்டும். இக்கோரிக்கைகளை மருத்துவத் துறையினரின் கவலையாக மட்டும் விட்டுவிட முடியாது. தொழிற்சங்கங்களும் வெகுஜன அமைப்புகளும் இவற்றைக் கூலி, ரேஷன் கோரிக்கைகளுக்கு இணையாக மக்களிடம் கொண்டு செல்வது உடனடிக் கடமையாகும்.