மிடில்செக்சு: பெயரைக் கேட்டு நெளிவது ஏன்?



இங்கிலாந்தில் 'கவுண்டி' என வழங்கும் பழைய மாவட்டங்களுள் ஒன்று மிடில்செக்சு. அதன் உடன்பிறப்புகள் எசெக்சும் சசெக்சும். இப்பெயர்கள் வகுப்பில் ஒலித்ததும் சிரிப்பலை எழுகிறது. பிள்ளைகள் சிரிப்பதில் வியப்பில்லை. ஆனால், ஆசிரியர் சிலர் அப்பெயரை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவுகிறார்கள். சிலர் "வாயை மூடு" என்று அதட்டுகிறார்கள். பெற்றோர் சிலரோ, "இதையெல்லாம் பள்ளியில் எதற்காகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?" என்று வினவுகிறார்கள். இந்தப் போக்கு முற்றிலும் தவறு என்பதே என் கருத்து.

அப்பெயரின் பொருள்தான் என்ன? இன்றைய செருமனியின் வடபகுதியிலிருந்து 5ஆம் நூற்றாண்டளவில் பிரித்தானியாவுக்கு வந்து குடியேறிய இனத்தார் சாக்சன்கள். கிழக்கே வாழ்ந்த சாக்சன்களின் நிலம் எசெக்சு. தெற்கே வாழ்ந்தவர்களின் நிலம் சசெக்சு. மேற்கே வாழ்ந்தவர்களின் நிலம் வெசெக்சு. கிழக்கு, மேற்குச் சாக்சன்களுக்கு நடுவே வாழ்ந்தவர்களின் நிலம் மிடில்செக்சு. 'நடுச் சாக்சர் நாடு' என்பதே அதன் பொருள். 'சாக்சன்' என்பதே நாளடைவில் தேய்ந்து 'செக்சு' என நின்றது. அவ்வளவுதான்!

பால் என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லோ இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. அது ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது 14ஆம் நூற்றாண்டில். மிடில்செக்சு என்னும் பெயரோ கி.பி. 704ஆம் ஆண்டின் ஆவணமொன்றிலேயே காணப்படுகிறது. பல நூற்றாண்டுகள் மூத்த ஒரு பெயரின்மீது, பின்னால் வந்த சொல்லின் பொருளை ஏற்றிவைத்து நாம் கூச்சப்படுகிறோம். இது பாட்டனுக்குப் பேரனின் பெயரைச் சூட்டுவது போன்றதன்றோ?

'சாக்சன்' என்னும் இனப்பெயரே, அவர்கள் ஏந்திய 'சியாக்சு' என்னும் கத்தியின் பெயரோடு தொடர்புடையது என்பர். எசெக்சு, மிடில்செக்சு ஆகிய இரண்டின் சின்னங்களிலும் மூன்று வளைந்த வாள்கள் இருப்பது இதனால்தான். வேல்சு மக்கள் இன்றும் ஆங்கிலேயரைச் 'சைசன்' என்றே தம் மொழியில் அழைக்கிறார்கள். அதுவும் சாக்சன் என்பதன் திரிபே. ஓர் இனத்தின் வரலாறே அடங்கிய பெயரை ஒரு நமட்டுச் சிரிப்போடு முடித்துவிடலாமா?

வழக்கையும் பாருங்கள். 1965 ஏப்ரல் 1ஆம் நாள் மிடில்செக்சு மாவட்ட மன்றம் கலைக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி பெருநகர இலண்டனோடு இணைந்தது. ஆயினும் பெயர் மறையவில்லை. 1864இல் தோன்றிய மிடில்செக்சு மட்டைப்பந்துக் கழகம் இன்றும் அப்பெயரோடுதான் ஆடுகிறது. இலண்டனில் ஒரு பல்கலைக்கழகமும் அப்பெயரைத் தாங்கியுள்ளது. கடல் கடந்து சென்ற ஆங்கிலேயர், அமெரிக்காவின் மசாசூசெட்சு, நியூ செர்சி, கனெடிகட் மாநிலங்களிலும் இப்பெயரை இட்டார்கள். 2018இல் இளவரசர் ஆரிக்குச் சசெக்சு கோமகன் என்னும் பட்டம் வழங்கப்பட்டபோது உலகச் செய்திகள் எல்லாம் அப்பெயரைத் தயக்கமின்றிச் சொல்லின. நம் பிள்ளைக்குச் சசெக்சு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் நாம் மட்டும் ஊரெல்லாம் சொல்ல மாட்டோமா? அப்போது எங்கே போகும் இந்தக் கூச்சம்?

1996இல் ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் வடிகட்டி, இங்கிலாந்தின் இசுகன்தார்ப்பு நகர மக்கள் கணக்குத் திறக்க முடியாதபடி தடுத்தது. ஊர்ப்பெயரின் நடுவே சில எழுத்துகள் சேர்ந்து ஓர் இழிசொல்லாகத் தெரிந்ததே காரணம். பொறிக்கு எழுத்து தெரியும், பொருள் தெரியாது. ஆகவே அதை மன்னிக்கலாம். பொருள் அறிந்து சொல்ல வேண்டிய ஆசிரியரும் அப்பொறியைப் போலவே நடந்துகொண்டால் எப்படி?

நம் இலக்கணத்தையே எடுத்துக்கொள்வோம். சொற்கள் சேர்வதைப் 'புணர்ச்சி' என்கிறோம். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் 'புணரியல்' என்றே ஓர் இயல் உண்டு. அச்சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்பதற்காக எந்தத் தமிழாசிரியராவது புணர்ச்சிப் பாடத்தைக் கைவிட்டதுண்டா? மாணவர் சிரித்தால் இடமறிந்து பொருள்கொள்ளக் கற்பிக்கிறோம். அந்தத் துணிவை அயல்மொழிப் பெயருக்கும் காட்டுவதில் என்ன தடை?

"சின்னப் பிள்ளைகளிடம் விளக்கினால் வேண்டாத கேள்விகள் எழாதா?" எனச் சிலர் கேட்கலாம். விளக்காமல் விடும்போதுதான் எழும். நாம் மறைத்தது எதுவோ அதுவே தீயது என்று பிள்ளை முடிவுகட்டிக்கொள்கிறது. பிறகு அப்பொருளை யாரிடம் கேட்கும்? நம்மிடம் கேட்காது.

இதற்குத் தேவைப்படுவது இரண்டே நிமிடம். வெண்பலகையில் ஒரு திசைக்குறி வரையுங்கள். கிழக்கு, தெற்கு, மேற்கு, நடு என நான்கு பெயர்களையும் எழுதுங்கள். "இங்கு வாழ்ந்தவர்கள் சாக்சன்கள்" என்று சொல்லுங்கள். சிரிப்பு தானாக அடங்கும். அதைவிட முக்கியமாக, ஒரு சொல்லை அதன் ஓசையால் அல்லாமல் வேரால் அறிய வேண்டும் என்னும் பாடம் அந்தப் பிள்ளையின் மனத்தில் பதியும். மொழி கற்பிக்கும் நமக்கு இதைவிடப் பெரிய கடமை வேறென்ன?

சிந்திப்போம், செயல்படுவோம்!